பிள்ளை கணக்குப் போடும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரலாமா?

செங்காங்_செல்வி:
சிங்கப்பூரில் தொடக்கநிலை 5, 6 பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இரவு 8 மணிக்கு இதைப் பார்க்கலாம். மேசையில் மதிப்பீட்டுப் புத்தகம், பக்கத்து நாற்காலியில் அம்மாவோ அப்பாவோ. இரண்டாவது வரியில் கழித்தல் தப்பினால், மூன்றாவது வரி எழுதுமுன்பே பெற்றோரின் விரல் தாளில் வந்து நிற்கும். தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கும் அந்த அரை நிமிடம் பிள்ளைக்குக் கிடைப்பதே இல்லை. தணிவது பெற்றோரின் பதற்றம்தான்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 வயதுப் பிள்ளைகளிடம் நேரம் குறித்துப் புதிர் கொடுத்தார்கள். தேவைப்பட்டால் உதவலாம் என்று பெற்றோரிடம் சொல்லி வைத்தார்கள். சிலர் பிள்ளை நகர்த்தியதையே திருப்பி நகர்த்தினார்கள். அப்படி அதிகம் குறுக்கிட்டவர்களின் பிள்ளைகளிடம், பின்வந்த ஆண்டுகளில் தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் போக்கு கூடியது. அந்தப் போக்கு கூடியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் தெரிந்தன. 2016இல் வெளியான ஆய்வு.

தேக்கா_வாசகன்:
செல்வி, ஆய்வு சரி. தொடக்கநிலை 6 இறுதியில் வரும் பிஎஸ்எல்இ தேர்வு என்ன, நாம் கற்பனை செய்த பயமா? 90 எடுத்தால் ஏஎல் 1 என்ற தரநிலை, 89 எடுத்தால் ஏஎல் 2. எண் குறைந்தால்தான் நல்லது. நான்கு பாடத்தின் ஏஎல்லும் சேர்த்து 20க்குள் இருந்தால் உயர்நிலைப் பள்ளியில் மேல்பிரிவான போஸ்டிங் குரூப் 3. 21, 22 என்றால் 2ஆ 3ஆ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கழித்தல் தப்புக்கு விலை இருக்கிறது. அதோடு, அடிக்கிற கைதான் அணைக்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். சீனக் குடும்பங்களில் கண்டிப்பும் அக்கறையும் ஒன்றாகவே வரும், அதற்கு மேல்நாட்டு அளவுகோல் பொருந்தாது என்று உளவியல் ஆய்வாளர் ரூத் சாவ் 1994இலேயே எழுதியிருக்கிறார். அவர் சொன்னது நமக்கும் பொருந்தும்.

செங்காங்_செல்வி:
கண்டிப்பை நான் எதிர்க்கவில்லை அண்ணா. இரவு 9.30க்குக் கைப்பேசி வரவேற்பறைக்கு வந்துவிட வேண்டும் என்பது நடத்தைக்கு வைக்கும் வரம்பு. "இவ்வளவு காசு கட்டித் துணைப்பாடத்துக்கு அனுப்புறேன், உனக்கு இரக்கமே இல்லையா" என்பது பிள்ளையின் மனதைப் பிடித்து உலுக்குவது. ஆய்வாளர்களும் இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். நம் வீட்டு விதி எந்த வகை என்று பார்க்க ஒரு வழி உண்டு. பெற்றோர் நிம்மதியாக இருக்கும் நாளிலும் கலங்கியிருக்கும் நாளிலும் அது ஒரே மாதிரி இருக்கிறதா?

ஆலோசனை_அறை:
இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளை தினமும் படுக்கும்போது "அம்மா, நான் பெயில் ஆக மாட்டேன்ல?" என்று பத்து முறை கேட்கும். "ஆக மாட்டே" என்றதும் இருவருக்கும் ஆறுதல். அந்த ஆறுதல் சில நிமிடம்தான் தாங்கும், அதனால் மறுபடி கேட்கும். யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் இலாய் லெபோவிட்ஸ் பிள்ளைகளின் பதற்றத்துக்காக உருவாக்கிய 'ஸ்பேஸ்' சிகிச்சை முறை இந்தச் சுழலைத்தான் குறிவைக்கிறது. சிகிச்சைக்குப் பெற்றோர் மட்டுமே வருவார்கள். 124 பிள்ளைகளை வைத்து நடந்த ஒப்பீட்டில், பிள்ளைக்கே நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு இது குறையவில்லை.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். எத்தனை முறை கேட்டது, யார் பதில் சொன்னது என்று எழுதி வையுங்கள். பிறகு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அமைதியான நேரத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள்: "ஒரு தடவைதான் பதில் சொல்வேன். பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால தாங்க முடியும்." இதில் 'பயம் தெரியுது', 'தாங்க முடியும்' என்ற இரண்டு பாதியும் வேண்டும். முதல் பாதி இல்லாவிட்டால் அதட்டல் ஆகிவிடும், இரண்டாவது இல்லாவிட்டால் பரிதாபம் ஆகிவிடும்.

தொடக்கத்தில் அழுகையும் வயிற்றுவலியும் கூடலாம். பலரும் கைவிடுவது அப்போதுதான். நாலு நாள் நின்று ஐந்தாம் நாள் பாட்டி பதில் சொல்லிவிட்டால், இன்னும் அழுதால் பதில் வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனால் பாட்டி, பணிப்பெண் எல்லாரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆகஸ்ட்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வு. அந்த நேரத்தில் தொடங்க வேண்டாம், ஆண்டுத் தொடக்கமே நல்லது.

தேக்கா_வாசகன்:
கவனக்குறைபாடோ, டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமமோ உள்ள பிள்ளையிடம் இதைச் செய்தால்? துணை இல்லாமல் அது தத்தளிக்கும்.

ஆலோசனை_அறை:
நியாயம் ஐயா. அந்தப் பிள்ளைக்குத் துணையை எடுக்கக் கூடாது, மாற்றலாம். விரலுக்குப் பதில் ஒரு டைமர், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிய அட்டை.

செங்காங்_செல்வி:
மற்றப் பிள்ளைகளுக்கு நாற்காலியை 10 நிமிடம் காலி செய்யுங்கள், அடுத்த வாரம் 20. பக்கம் முடிந்ததும் திருத்திவிட்டு, "இதுல ரெண்டு தப்பு இருக்கு, தேடு" என்று மட்டும் சொல்லுங்கள். எந்தக் கணக்கு என்று காட்ட வேண்டாம். உங்கள் 89, 90 கவலைக்கும் இதுதான் வழி அண்ணா. தேர்வு மண்டபத்தில் அந்தத் தப்பைத் தேடப்போவது பிள்ளை மட்டும்தானே.

தேக்கா_வாசகன்:
தப்பைத் தேட விடுவதை ஏற்கிறேன். துணைப்பாடத்தையும் கைப்பேசியில் பிள்ளையின் இருப்பிடம் பார்ப்பதையும் விடச் சொன்னால் ஏற்க மாட்டேன். தூக்கம் கெட்டு, பள்ளிக்கே போக மாட்டேன் என்று நின்றால் என்ன செய்வது?

ஆலோசனை_அறை:
இரண்டு வாரம் தொடர்ந்தால் வீட்டு முயற்சியோடு நிற்காமல் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1771 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இருப்பிடம் பார்ப்பது பற்றித் தனியாகப் பேசுவோம். அதற்குமுன் ஒரு வாரம், ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து பார்க்கிறீர்கள் என்று எண்ணி வையுங்கள்.