[கலைச்சொல்] எகிப்தின் பாலைச்சாலைப் பாறைகளில் இருக்கும் 'கிராஃபிட்டி' – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். பட்டப்படிப்பு வரலாற்றுப் பாடநூல் ஒன்றில் எகிப்து பற்றிய இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஜான் டார்னெல், டெபோரா டார்னெல் இருவரும் 1992 முதல் தீபஸ் நகருக்கு மேற்கே நடத்திய பாலைச்சாலைக் கள ஆய்வுதான் பொருள். நைல் ஆறு கெனா அருகே பெரிதாக வளைகிறது. அந்த வளைவைச் சுற்றாமல் குறுக்கே போக உதவியது ஃபார்ஷூத் சாலை. அதில் போன படைவீரர்களும் எழுத்தர்களும் பூசாரிகளும் பாறைகளில் தங்கள் பெயரையும் பதவியையும் விலங்கு உருவங்களையும் விட்டுப் போயிருக்கிறார்கள். ஆங்கில மூலம் இவற்றைக் 'கிராஃபிட்டி' என்கிறது.

'கல்வெட்டு' என்று போட்டுவிடலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் வாடி ஹம்மாமத் பள்ளத்தாக்கு வருகிறது. எகிப்திய மன்னன் நான்காம் ராமேசஸ் தன் மூன்றாம் ஆட்சியாண்டில் கல்லெடுக்க 8,368 பேரை அனுப்பியதை அறிவிக்கும் அரச கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் சாதாரண ஆட்கள் வெட்டிய பெயர்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவருக்கு வேறுபாடு விளங்காது. 'கிறுக்கல்' என்று எழுத மனம் ஒப்பவில்லை. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

கல்வெட்டு ஆய்வாளர்:

புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம் ஐயா. கொடுமணல், கீழடிப் பானையோடுகளில் இருப்பவற்றைக் 'கீறல்' என்றுதான் எழுதிவருகிறோம். 'பாறைக்கீறல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடி ஹம்மாமத் வழி கிழக்கே செங்கடலோரம் குசெய்ரில் முடிகிறது. அங்குள்ள பழைய துறைமுகமான குசெய்ர் அல்-காதிமில் 'கணன்', 'சாதன்' என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. சாலையின் ஒரு முனையில் ஓட்டில் இருப்பது கீறல் என்றால், வழியில் பாறையில் இருப்பதும் கீறல்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கீறல் என்பது நகம் பட்டால் வருவது, முள் பட்டால் வருவது. நாலாயிரம் ஆண்டு நிற்கும் எழுத்தை அப்படி அழைப்பதா? நம் பாலைத்திணைப் பாட்டுகளில் இதே காட்சி இருக்கிறது. அகநானூறு 67 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும்' நட்ட கல்லைச் சொல்கிறது. 297-ஆம் பாட்டில் 'குயில் எழுத்து' என்றே வருகிறது; வழிப்போக்கர்கள் அதை நின்று படிக்க மாட்டாமல் களைப்போடு கடந்து போகிறார்கள். 343-இல் 'கூருளி குயின்ற கோடுமாய் எழுத்து', உளியால் வெட்டிய கோடு மங்கிய எழுத்து. மதுரைக்காஞ்சியில் மணியைத் துளையிடுவோர் 'திருமணி குயினர்'. குயிலுதல் என்றால் துளைத்தல், செதுக்குதல். குழி, குழல், குடைவு, குகை எல்லாம் இந்த வேரின் பிள்ளைகள் என்பது என் துணிபு. 'குயிலெழுத்து' என்று ஆளுங்கள். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

கல்லூரி விரிவுரையாளர்:

ஐயாவின் மேற்கோள்கள் மனத்தை நிறைக்கின்றன. ஆனால் வகுப்பில் 'குயிலெழுத்து' என்று எழுதிப்போட்டால் அறுபது பேரும் பறவையைத்தான் நினைப்பார்கள். வினைத்தொகை என்று விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். குகையை அந்த வேரில் சேர்ப்பதும் சரியாகப்படவில்லை. வடமொழியில் குஹா இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

குஹா வடமொழிக்கு எங்கிருந்து போனது என்பதைத் தனி இழையில் பேசுவோம், விடமாட்டேன். புரியவில்லை என்பது சொல்லின் குற்றம் ஆகாது. 'கணினி' வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள்.

கற்சிற்பத் தொழிலில் இருப்பவர்:

எந்தச் சொல் வைத்தாலும் வேலை எப்படி நடந்தது என்று பார்த்து வையுங்கள். கூர்முனையால் இழுத்தால் கோடு ஒரே ஓட்டமாக, மெலிதாக விழும். அதுதான் கீறுவது. கல்லை எடுத்துத் தட்டித்தட்டிக் கொத்தினால் சிறு குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடு ஆகும். ஓரம் சொரசொரப்பாக நிற்கும். அதை நாங்கள் பொளிதல் என்போம், அம்மி பொளிவது போல. பாலைவனப் பாறைகளில் இரண்டு வகையும் இருக்கும். எல்லாவற்றையும் கீறல் என்றால் பாதிதான் சரி. 'பொளிப்பு' என்று சொல்லலாமே.

மொழிபெயர்ப்பாளர்:

மிகவும் பயனுள்ள குறிப்பு, நன்றி. இன்னொரு சிக்கல். கெபெல் ட்ஜௌதி என்ற மலையில் பொ.ஆ.மு. 3250 அளவில் வெட்டிய ஒரு காட்சி இருக்கிறது. பருந்தும் அதன் கீழே தேளும். 'தேள்' என்ற மன்னனின் பெயராக அதைப் படிக்கிறார்கள். அது படமா, எழுத்தா என்று பிரிக்க முடியவில்லை. வாடி எல்-ஹோல் பள்ளத்தாக்கிலும் அப்படித்தான். 1999-இல் அறிவிக்கப்பட்ட இரண்டு வரிகள், பொ.ஆ.மு. 1900–1800 அளவைச் சேர்ந்தவை, அகரவரிசை எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் சேர்ந்தவை. காளைத்தலை, நீரலை, கண் என்று ஒவ்வொன்றும் உருவம். ஒவ்வொன்றும் ஓர் ஒலி. அருகிலேயே 'ஆசியர்களின் தளபதி' பெபி என்பவரின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. படத்தையும் எழுத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் 'எழுத்து' போதும்! கண்ணுக்கு மை எழுதுகிறோம், சித்திரம் எழுதுகிறோம். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்ற குறளில் எழுதுவது மைதானே.

கல்வெட்டு ஆய்வாளர்:

இதில் ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். பழைய எகிப்திய மொழியிலும் 'செஷ்' என்ற ஒரே சொல்தான் எழுதுவதற்கும் தீட்டுவதற்கும்.

கல்லூரி விரிவுரையாளர்:

அப்படியென்றால் 'வழியெழுத்து' என்று வைப்போமா? அந்த மலைக்குப் பெயர் தந்த ட்ஜௌதி, கோப்டோஸ் பகுதியின் ஆளுநர். வேறொரு மாவட்டத்தின் தலைவன் அடைத்துவிட்ட மலைவழியைக் கடக்கத் தான் பாதை அமைத்ததாகப் பாறையிலேயே சொல்லியிருக்கிறார். வழி இல்லாவிட்டால் அந்த எழுத்தே இல்லை. 'வழிப்பொறிப்பு' என்று யாராவது சொல்லுமுன் ஒன்று: அது காதில் வழிப்பறி என்றே விழும்.

கற்சிற்பத் தொழிலில் இருப்பவர்:

வழியெழுத்து என்றால் ஊர்ப்பெயர்ப் பலகை, மைல்கல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புதிய உறுப்பினர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'பாலைச்சாலை' என்பதே சரியா? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால்தான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். எகிப்தின் மேற்குப் பாலைவனம் என்றைக்கும் முல்லையாகத் திரும்பப் போவதில்லை. வறண்ட வழியைச் சொல்லும் 'சுரம்' பொருந்தாதா?

கல்லூரி விரிவுரையாளர்:

சுரம் என்றால் இன்று காய்ச்சல். தயவுசெய்து இதை இப்போது தொடங்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். கருத்து ஒருமுகமாக இல்லை; ஆனாலும் என் மனம் 'பாறைக்கீறல்' பக்கம் சாய்கிறது; பானையோட்டுக் கீறலோடு தொடர்பு இருப்பதால் மாணவர் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். அதையே பயன்படுத்துகிறேன். கீறியவை, பொளிந்தவை, எழுத்து, உருவம் அனைத்தும் இதில் அடங்கும் என்று முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன். செய்முறை பேசப்படும் பத்தியில் மட்டும் 'பொளித்தல்' வரும். அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அச்சுக்குக் கால அவகாசம் இல்லை என்பது புரிகிறது, தடுக்க மாட்டேன். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்லடைவில் 'பாறைக்கீறல்' என்பதற்கு நேரே 'குயிலெழுத்து (அகம். 297)' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

மொழிபெயர்ப்பாளர்:

சேர்க்கிறேன் ஐயா. சொல்லடைவு கடைசிப் படிவத்தில்தான் போகிறது, இடம் இருக்கிறது.

கற்சிற்பத் தொழிலில் இருப்பவர்:

பொளித்தல் இல்லை, பொளிதல். 'த்' வேண்டாம்.