டாக்கரா, ரூட்லெஸ் பாட்மேனா? யூஎஃப்டபிள்யூ தடுக்காத 5432

நிலாமுற்றம்: என் சர்வர் உபுண்டு 24.04, 4 ஜிபி ராம். டாக்கர் கம்போஸில் (ஆப்களைத் தனித்தனிக் கன்டெய்னரில் ஓட்டுற கருவி) என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), ஆப், போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) மூணும் ஓடுது. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 போர்ட்டுகளை மட்டும்தான் திறந்தேன். ஆனாலும் வெளியிலிருந்து போஸ்ட்கிரெஸோட 5432 பதில் சொல்லுது. எப்படி?

கருவேலம்: கம்போஸ் ஃபைலில் போர்ட்ஸ் கீழே 5432:5432னு இருக்கும், பாருங்க. டாக்கர் ஐபிடேபிள்ஸின் (லினக்ஸின் பாக்கெட் விதிகள்) நாட் டேபிளில் (முகவரி மாத்துற பட்டியல்) தன் விதிகளைத் தானே எழுதிக்குது. பாக்கெட் ப்ரீரூட்டிங்கிலேயே (வந்து சேர்ற முதல் கட்டம்) கன்டெய்னர் முகவரிக்குத் திரும்பி, ஃபார்வர்டு (கடந்துபோற பாக்கெட்டுக்கான செயின்) வழியா போயிடும். நீங்க எழுதின விதி இன்புட் செயினில் (ஹோஸ்டுக்கே வர்ற பாக்கெட்டுக்கானது) இருக்கு. பாக்கெட் அந்தப் பக்கமே வராது. ரூட்லெஸ் பாட்மேனுக்கு (ரூட் உரிமை இல்லாம கன்டெய்னரை ஓட்டுற, டாக்கர் மாதிரியான கருவி) மாறிடுங்க. அதுல போர்ட்டைத் திறக்கிறது சாதாரண யூசரோட ப்ராசஸ், இன்புட் விதி அப்படியே பொருந்தும்.

மேகத்தூது: இதுக்கு எதுக்குங்க மாறணும்? அந்தப் போர்ட்ஸ் வரியை அழிச்சா போதும். ஆப் அதே நெட்வொர்க்கில் சர்வீஸ் பேரைச் சொல்லியே டேட்டாபேஸைப் பிடிச்சுக்கும். நீங்க உள்ளே பார்க்கணும்னா 127.0.0.1:5432:5432னு எழுதி (அந்த மெஷினுக்குள்ள மட்டும் திறக்கிறது) எஸ்எஸ்எச் டனலில் (சர்வர் லாகின் வழியா போற பாதுகாப்பான பாதை) வாங்க. ரூட்லெஸ்ஸில் 1024க்குக் கீழே போர்ட் இயல்பா கிடைக்காது. லிங்கர் (லாக்அவுட்டுக்குப் பிறகும் யூசரோட சர்வீஸை ஓட விடுற அமைப்பு) போடலைன்னா லாக்அவுட் ஆனதும் சர்வீஸ் நின்னுடும். பிரிட்ஜ் நெட்வொர்க்கில் (கன்டெய்னர்களுக்கான உள் நெட்வொர்க்) வர்றவங்களோட உண்மையான ஐபியும் என்ஜின்எக்ஸுக்குத் தெரியாது. அப்புறம் ஃபெயில்டுபேன் (தப்பா முயற்சி பண்ற ஐபியைத் தடுக்கிற கருவி) யாரைத் தடுக்கும்?

கருவேலம்: ஐபி விஷயம் சரி, ஒத்துக்கிறேன். அதனால என்ஜின்எக்ஸை ஹோஸ்டிலேயே ஆப்ட் (உபுண்டுவின் பேக்கேஜ் கருவி) மூலம் போடுங்க, ஆப்புக்கு 127.0.0.1:8080. போர்ட் சிக்கலும் அதோட தீருது. ஆனா டாக்கரில் 127.0.0.1ஐ நம்பி இருக்கிறது சரியில்ல. 28க்கு முந்தைய பதிப்புகளில் அதே லேயர் 2 (உள்ளூர்) நெட்வொர்க்கில் இருக்கிற பக்கத்து மெஷின் அந்தப் போர்ட்டைத் தொட முடியும். டாக்கர் குரூப்பில் ஒருத்தரைச் சேர்த்தா ரூட்டையே கொடுத்த மாதிரி.

மேகத்தூது: அப்ப 28க்கு ஏத்துங்க, குரூப்பில் யாரையும் சேர்க்காதீங்க. ஓடிட்டிருக்கிற கம்போஸ் ஃபைலைக் குவாட்லெட்டா (பாட்மேன் கன்டெய்னரை சிஸ்டம்டி சர்வீஸா ஓட்டுற ஃபைல்) மாத்தி எழுதும்போதுதான் புதுப் பிழை நுழையும். முதல்ல லாகைக் கவனிங்க: டீமன்.ஜேசனில் (டாக்கரின் அமைப்பு ஃபைல்) மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3. டாக்கரின் வழக்கமான லாக் முறையான ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு இயல்பா வரம்பே கிடையாது. டிஸ்க் நிறைஞ்சா போஸ்ட்கிரெஸ் படுத்துடும். டாக்கரை ரீஸ்டார்ட் பண்ணினா மட்டும் பழைய கன்டெய்னருக்கு இது பொருந்தாது, புதுசா உருவாக்கணும்.

நிலாமுற்றம்: போர்ட்ஸ் வரியை எடுத்தேன். வெளியிலிருந்து என்மேப் (போர்ட் சோதிக்கிற கருவி) போட்டா 5432 ஃபில்டர்டுனு (ஃபயர்வால் தடுக்குதுனு) வருது.

கருவேலம்: பாஸ்வேர்டையும் மாத்துங்க, இத்தனை நாள் திறந்து கிடந்திருக்கு. கம்போஸில் இருக்கிற பாஸ்வேர்டு வேரியபிளை மாத்தினா வேலைக்காகாது. வால்யூம் காலியா இருக்கிற முதல் தடவை மட்டும்தான் இமேஜ் அதைப் படிக்கும். பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் கமாண்ட் கருவி) உள்ளே போய் ஆல்டர் ரோல் (பாஸ்வேர்டு மாத்துற கட்டளை) கொடுங்க. அப்புறம் ஆப்பிலும் மாத்துங்க.