துன்பம் பழையதாக இருக்க, போராட்டம் மட்டும் ஏன் ஒரு நாளில் வெடிக்கிறது?

வைகறை (கேள்வி)

நெடுநாளாக என்னை உறுத்திவரும் ஒரு கேள்வியை இங்கே முன்வைக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஓவர்டைம் பணத்தை இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தே கொடுத்துவந்தார்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் காலையில், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படும் சக ஊழியர் ஒருவர் தம் சம்பளச் சீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, உண்மையில் வந்திருக்க வேண்டிய தொகையை அதன் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிவைத்தார். மாலைக்குள் அந்தப் பலகையில் இடமே இல்லாத அளவுக்குச் சீட்டுகள் சேர்ந்துவிட்டன. மறுநாள் ஒருவரும் வேலையைத் தொடங்கவில்லை. ஒரே வாரத்தில் நிலுவை வந்து சேர்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டே பழைய பிடித்தம் திரும்பியது, அப்போது ஒருவரும் அசையவில்லை.

நாடுகளின் வரலாற்றிலும் இதையே காண்கிறேன். பல்லாண்டுகள் பொறுத்திருந்த மக்கள் ஏதோ ஒரு நாளில் தெருவுக்கு வருவது ஏன்? அப்படித் திரண்ட கூட்டங்களில் சில அரசியலையே புரட்டிப்போட, மற்றவை சுவடின்றிக் கலைந்துபோவது ஏன்?

நெடுவழி

உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த அறிவிப்புப் பலகையிலேயே இருக்கிறது. தமக்கு அநீதி நடக்கிறது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். மற்றவர்களும் தம்மைப் போலவே கொதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. தனியாக எழுந்தால் தான் மட்டும் அகப்பட்டுக்கொள்வோம் என்ற அச்சமே அடக்குமுறையின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், நிக்கோலாய் தேவாலயத்தில் 1980களின் தொடக்கம் முதலே திங்கள்கிழமைதோறும் அமைதிக்கான வழிபாடு நடந்துவந்தது. 1989 இலையுதிர் காலத்தில் வழிபாடு முடிந்து வெளியே வந்தவர்கள் கலைந்து செல்லாமல் தெருவில் நடக்கத் தொடங்கினார்கள். அக்டோபர் 9 அன்று, துப்பாக்கிச் சூடு நடக்கும் என்ற பேச்சு பரவியிருந்த நிலையிலும், ஏறத்தாழ 70,000 பேர் திரண்டார்கள். பலரின் கையில் மெழுகுவத்தி இருந்தது. அணைந்துவிடாமல் காக்க மறு கையால் மறைத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், மெழுகுவத்தி ஏந்தியவரால் கல்லை எடுக்க முடியாது. அன்று படையினர் சுடவில்லை. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று, பெர்லின் சுவர் திறந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துன்பம் உச்சத்தில் இருக்கும்போது மக்கள் எழுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எதிரே இருக்கும் சுவரில் விரிசல் தெரியும்போதுதான் எழுகிறார்கள். அந்த ஆண்டில் ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லையைத் திறந்துவிட்டிருந்தது. முந்தைய காலங்களைப் போலச் சோவியத் டாங்கிகள் வந்து நிற்கப்போவதில்லை என்பதும் மெல்லத் தெளிவாகிக்கொண்டிருந்தது.

கரிசல்

நெடுவழி அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் "ஒரு நாளில் வெடித்தது" என்ற வைகறையின் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு நாளுக்கு முன்னால் இருந்த உழைப்பை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்தில் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்து 1955 டிசம்பர் 1 அன்று கைதானார் என்பது எல்லோரும் அறிந்தது. அதே ஆண்டு மார்ச்சில், அதே நகரில், அதே காரணத்துக்காக 15 வயது கிளாடெட் கால்வின் கைதானபோது ஊர் திரளவில்லை. அதற்கும் முந்தைய ஆண்டிலேயே, பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவரான ஜோ ஆன் ராபின்சன், பேருந்துப் புறக்கணிப்பு நடக்கக்கூடும் என்று நகர மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பார்க்ஸ் கைதான இரவில் ராபின்சன் தாம் பணிபுரிந்த கல்லூரிக்குச் சென்று, உடன்பணிபுரியும் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, விடிய விடிய நகலெடுக்கும் கருவியைச் சுழற்றிப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். மறுநாள் அவை நகரெங்கும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், எந்தப் பள்ளியில் யாரிடம் எத்தனை கட்டு கொடுக்க வேண்டும் என்பது மன்றத்துக்கு முன்பே தெரிந்திருந்ததுதான்.

அந்தப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. 381 நாட்கள் என்பதைப் படிக்கும்போது ஒரு கணம் நின்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலைக்குச் செல்லும் ஒரு பெண் மழையிலும் குளிரிலும் எப்படிப் போய்த் திரும்புவார்? அதற்காக நூற்றுக்கணக்கான கார்களைக் கொண்டு ஒரு போக்குவரத்து ஏற்பாட்டையே நடத்தினார்கள். யார் எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். செலவுக்குத் தேவாலயங்களில் பணம் திரட்டினார்கள். பயணிகளில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்களே என்பதால் பேருந்து நிறுவனத்தின் வருமானம் சரிந்தது. ஒருபுறம் இது நடக்க, மறுபுறம் வழக்கும் நடந்தது; 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பேருந்துகளில் இருந்த நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் கால்வினும் ஒருவர். மனக்குறை எல்லா ஊரிலும் இருக்கிறது. அட்டவணை போடும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பதில்லை.

தூரிகை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போராட்டம் அரசியலை மாற்றும் முக்கிய வழி, ஆட்சியில் இருப்போரைத் தமக்குள் பிளவுபடச் செய்வது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளிலிருந்து விலக முன்வந்தார்கள். அதன் பிறகே பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன். தெருவில் எழுந்த கோபத்தை வாக்காக மாற்றிக்கொள்ள, கிளைகளும் மேடைகளும் கொண்ட ஒரு கட்சி அன்று ஆயத்தமாக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

எகிப்தில் 2011இல் 18 நாட்களில் அதிபர் முபாரக்கை வீழ்த்திய இளைஞர்களுக்கு அப்படிப்பட்ட கட்சி இல்லை. 2012இல் தேர்தல் வழியாக முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு ஆட்சிக்கு வந்தது, 2013இல் இராணுவம் அதிகாரத்தைக் கைப்பற்றியது. லைப்சிக்கின் கதையிலும் இந்த வலி உண்டு: போராட்டத்தைத் தொடங்கிய குடிமக்கள் குழுக்களின் கூட்டணி 1990 மார்ச் தேர்தலில் மூன்று விழுக்காடு வாக்குகளைக்கூடப் பெறவில்லை. கதவைத் திறந்தவர்கள் ஒரு சாரார், உள்ளே சென்று அமர்ந்தவர்கள் வேறொரு சாரார்.

வைகறை

அனைவருக்கும் நன்றி. கரிசல் அவர்கள் சொன்ன அட்டவணையைப் படித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் சிவப்பு மைத் தொகையை எங்கள் சக ஊழியர் ஒரே இரவில் கணக்கிடவில்லை. எங்கள் எல்லோருடைய ஓவர்டைம் மணிநேரங்களையும் இரண்டு ஆண்டுகளாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்திருந்தார். நிலுவை கைக்கு வந்ததும் நாங்கள் அவருக்குக் கைகொடுத்துப் பாராட்டினோம், ஆனால் ஒரு குழு அமைக்க யாருக்கும் தோன்றவில்லை. சில மாதங்களில் அவரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். பிடித்தம் திரும்பி வந்தபோது, எவ்வளவு குறைகிறது என்று சொல்ல எங்களில் ஒருவரிடமும் கணக்கு இல்லை.