தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எஞ்சின் குளிருமா?

நிலாவெளி மீன்வண்டி:
"நம் திருகோணமலை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையே இல்லை, கழற்றி எறிந்தால் எஞ்சின் கொதிக்காது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இதே பேச்சைக் கேட்டுத்தான் மூன்று மாதங்களுக்கு முன் என் டீசல் கெப் வண்டியில், எஞ்சின் சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் அந்த வால்வைக் கழற்ற விட்டேன். இப்போது காலையில் எஞ்சின் சூடேற அரை மணி நேரம் பிடிக்கிறது. ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போனால் கந்தளாய் தாண்டியதும் வெப்பமானி முள் ஏறுகிறது. ஹபரணைக்குள் இரண்டு தடவை ஓரங்கட்ட வேண்டியிருக்கிறது. மீன் கெட்டால் யார் காசு தருவார்?

சீனக்குடா மெக்கானிக்:
அந்த ஒருவர் நான்தான். என் பெயரைப் போட்டே எழுதியிருக்கலாமே, ஏன் பயம்? 31 வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். கழற்றியது சரி. உங்கள் வண்டி சூடாவதற்குக் காரணம் வேறு. ரேடியேட்டரைக் கழுவினீர்களா? அதைச் சொல்லாமல் என் தலையில் பழியைப் போடாதீர்கள்.

தம்பலகாமம் டிராக்டர்:
கழற்றியது பிழை. பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வாய் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். முழுவதையும் கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தபடியே கிடக்கும். கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் திரும்ப ஓடும். வெறும் வண்டியில் இது தெரியாது, பாரம் ஏற்றினால்தான் தெரியும். நிலாவெளித் தம்பி சொல்வதும் அதுதான்.

சீனக்குடா மெக்கானிக்:
தட்டு, பைபாஸ் எல்லாம் படித்துவிட்டுச் சொல்கிற கதை. நான் கழற்றிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஆடி மாதக் கச்சான் காற்றில் தார் ரோடு உருகுகிற ஊர் இது. எஞ்சினைச் சூடாக்கி வைக்க ஒரு கருவி எதற்கு? அது குளிர்நாட்டுக்காரனுக்கு.

உப்புவெளி ஆசிரியர்:
ஐயா, வெளியில் 35 பாகை வெயில் என்றாலும் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவது பெரும்பாலும் 82 பாகையில். வெயிலுக்கும் அதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சந்தேகம் இருப்பவர் ஒரு சட்டியில் நீரைக் கொதிக்கவைத்து, தெர்மோஸ்டாட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் மாறிமாறிப் போட்டாலும் அது வாய் திறக்காது, அந்த நீர் 40 பாகையைச் சுற்றித்தான்.

சீனக்குடா மெக்கானிக்:
கன்னியாவை ஏன் இழுக்கிறீர்கள்? வகுப்பறையில் எஞ்சின் ஓடுவதில்லை. கழற்றியது சரி.

மூதூர் பழையவர்:
மெக்கானிக் சொல்வதில் உண்மை உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் பாதையில், அதுதான் வாகனம் கடத்தும் மிதவையில், ஏற்ற மணிக்கணக்காக வரிசையில் நின்றிருக்கிறேன். என் வேனில் தெர்மோஸ்டாட் இல்லை. எஞ்சினை நிறுத்தாமலே நின்றும் ஒரு நாளும் கொதிக்கவில்லை.

தம்பலகாமம் டிராக்டர்:
நின்ற வண்டி எப்படி ஐயா கொதிக்கும்? பாரமில்லை, ஏற்றமில்லை. நின்ற இடத்தில் சூடானால் விசிறியைப் பார்க்க வேண்டும். விசிறியைச் சுழற்றும் விஸ்கஸ் கிளட்ச் தளர்ந்திருக்கும். ஓட்டத்தில் பாரத்தோடு சூடானால் நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. பாதைக் கதை இங்கே ஒன்றையும் காட்டாது.

மூதூர் பழையவர்:
கதையா? அந்த வரிசையில் வெயில் காய்ந்தவன் நான். நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?

கிண்ணியா லொறி:
பாதைக்காலத்தைப் பற்றி மூதூர்க்காரர் மட்டும் பேச உரிமை வாங்கி வைத்திருக்கிறாரா? நாங்கள் இரண்டு கரையிலும் நின்றோம்.

அலஸ் தோட்டம் புதியவன்:
நிலாவெளி அண்ணா, முள் எதுவரை ஏறுகிறது? சிவப்பைத் தொடுகிறதா, நடுவுக்குச் சற்று மேலா? நீர் குறைகிறதா? காலையில் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இயக்கினால் குமிழி விடாமல் வருகிறதா? வந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு, போயிருக்கலாம்.

சீனக்குடா மெக்கானிக்:
நேற்று முளைத்தவர் எல்லாம் கேஸ்கட் பேசுகிறார். நிலாவெளியில் கிணற்று நீர் உப்பு. அதை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர்க் குழாய்கள் அடைத்திருக்கும். என் கராஜில் வெட்டிப் பார்த்த ரேடியேட்டர்களில் சுண்ணாம்பு விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டால் இன்னும் கொதிக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளி மீன்வண்டி:
எங்கள் ஊர்க் கிணற்றைப் பழிக்க வேண்டாம். நான் ஒரு சொட்டுக் கிணற்று நீரும் ஊற்றியதில்லை. கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. ரேடியேட்டரை மார்கழியில் கழற்றிக் கழுவினேன். மூடியும் புதியது, அது தாங்கும் அழுத்தம் 0.9 என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது.

சீனக்குடா மெக்கானிக்:
புதிய மூடி என்றால் நல்ல மூடி என்று யார் சொன்னார்? போலிச் சாமான் கடைகளில் நிறைந்து கிடக்கிறது. மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் நீர் 100 பாகையிலேயே கொதிக்கும். இதுகூடத் தெரியாமல் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லாதீர்கள். கழற்றியது சரி.

உப்புவெளி ஆசிரியர்:
மூடி பற்றிச் சொன்னது உண்மை. அதற்காகக் கழற்றியது சரியாகிவிடாது. குளிர்ந்தபடியே ஓடும் டீசல் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும், சிலிண்டர் தேயும். அந்தச் செலவை யார் கொடுப்பது?

சீனக்குடா மெக்கானிக்:
ஆசிரியர் போன வருடம் என்னிடம் வண்டி வேலைக்கு வந்து, விலை கூட என்று வேறு இடம் போனவர். அந்தக் கோபம்தான் இப்போது தெர்மோஸ்டாட் வடிவில் வருகிறது.

உப்புவெளி ஆசிரியர்:
அது பிரேக் வேலை. விலை இரண்டு மடங்கு கேட்டீர்கள். அதை இங்கே எழுத வைத்தது நீங்கள்.

கிண்ணியா லொறி:
மெக்கானிக் எனக்குப் பொருத்திய வாட்டர் பம்ப் ஆறு மாதத்தில் அடித்துளையால் ஒழுகியது. அதையும் சொல்லவா?

சீனக்குடா மெக்கானிக்:
நீங்கள் பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினீர்கள். பேரிங் போனது அதனால். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூதூர் பழையவர்:
பாதை வரிசையில் என் வேன் கொதிக்கவில்லை என்பதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

தம்பலகாமம் டிராக்டர்:
சொல்லியாகிவிட்டது. நின்ற வண்டி.

நிலாவெளி மீன்வண்டி:
புதிய தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டேன். வியாழன் அதிகாலை தம்புள்ளைக்குப் போக வேண்டும். அதற்கு முன் பொருத்தும்போது சிறிய காற்றுத்துளை மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா?

அலஸ் தோட்டம் புதியவன்:
மேலே, அண்ணா. இல்லாவிட்டால் காற்று உள்ளே சிக்கும். முள் எதுவரை ஏறியது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

சீனக்குடா மெக்கானிக்:
மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் கந்தளாயில் நிற்பீர்கள். அப்போது எனக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். கழற்றியது சரி.

கிண்ணியா லொறி:
எடுத்தால் மட்டும் வந்துவிடுவாரா? என் பம்ப் ஒழுகிய அன்று ஐந்து தடவை எடுத்தேன்.