வளர்ச்சி உளவியலில் பிஎச்டி: டர்பனிலிருந்து எப்படி விண்ணப்பிப்பது?

மலர், சாட்ஸ்வர்த்
வணக்கம். உளவியலில் ஆய்வு வழி மாஸ்டர்ஸ் முடித்திருக்கிறேன். வீட்டில் ஜூலு பேசி, ஆங்கிலப் பள்ளியில் கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) சேரும் பிள்ளைகளிடம் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் கிரேடு 2 வரை எப்படி வளர்கிறது என்பதே என் கேள்வி. கிரிஃபித்ஸ் 3 என்ற குழந்தை வளர்ச்சிச் சோதனையை வைத்து அளக்க நினைக்கிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே சேரலாமா, அமெரிக்காவுக்கும் போடலாமா? முடித்தால் சைக்காலஜிஸ்டாகப் பதிவு கிடைக்குமா?

ராஜன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
தங்கச்சி, கேள்வி அருமை. அளவுகோல்தான் பொருந்தாது. கிரிஃபித்ஸ் 3 பிறப்பு முதல் 5 வயது 11 மாதம் வரைக்கும்தான். கிரேடு ஆர் பிள்ளைகள் பலர் அந்த வருடமே ஆறைத் தொட்டுவிடுவார்கள். இரண்டாம் முறை அளக்கப் போகும்போது கருவி செல்லாது. அது பொது வளர்ச்சியை அளப்பது, உங்களுக்கு வேண்டியது வேறு. "தலையைத் தொடு" என்றால் கால்விரலைத் தொட வேண்டும் என்ற விளையாட்டு வடிவச் சோதனை 4 முதல் 8 வயதுக்குப் பொருந்தும். ஜூலுவில் பெயர்த்து, இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிடுங்கள்.

எண்ணிக்கையையும் இப்போதே போடுங்கள். இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாக இருந்தால், அவற்றுக்கிடையே நடுத்தர அளவு வேறுபாட்டை 80% வலுவுடன் (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) காட்டக் குழுவுக்கு 64 பிள்ளைகள் வேண்டும். கால் பங்கு இடம் மாறிப்போகும் என்று வைத்தால் தொடக்கத்தில் 86, ஆக 172. தனி ஆளாக இத்தனை பேரைப் பலமுறை பார்க்க முடியுமா என்று மேற்பார்வையாளர் கட்டாயம் கேட்பார்.

கமலா, ஃபீனிக்ஸ்
இங்கே பிஎச்டி பெரும்பாலும் ஆய்வேடு மட்டுமே. அதனால் படிவத்துக்கு முன் மேற்பார்வையாளரைப் பிடியுங்கள். மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: கேள்வி, முறை, அவருடைய எந்த ஆய்வோடு ஒட்டுகிறது. கூடவே இரண்டு பக்கக் கருத்துரு, மதிப்பெண் பட்டியல். எல்லாருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பலரும் சறுக்குவது அனுமதிகளில்தான். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, மாகாணக் கல்வித் துறை, பள்ளி முதல்வர், பெற்றோர் என நான்கும் தனித்தனி. இவற்றோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளைகளோடு பழகுவதால் படிவம் 30 வழியாகக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டுச் சான்றும் (பிள்ளைகளோடு பணியாற்றத் தகாதவர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்பது) கேட்பார்கள். வரத் தாமதமாகும், முதலிலேயே போட்டுவிடுங்கள்.

மலர், சாட்ஸ்வர்த்
நன்றி அக்கா. பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு யார் கையெழுத்து?

கமலா, ஃபீனிக்ஸ்
நல்ல வேளை கேட்டீர்கள். வளர்க்கிறார் என்பதாலேயே பாட்டி சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. இதை மறைக்காமல் முன்மொழிவிலேயே எழுதி, குழுவின் முடிவைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டால் உங்கள் மாதிரியே ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

செல்வம், ஜோகன்னஸ்பர்க்
பதிவு பற்றி: பிஎச்டி மட்டும் போதாது. ஹெச்பிசிஎஸ்ஏ (தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்யும் மன்றம்) ஏற்ற தொழில்முறை மாஸ்டர்ஸ், 12 மாத இன்டர்ன்ஷிப், வாரியத் தேர்வு வேண்டும். பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிப்பதுதான் ஆசை என்றால் இந்த வழியே வேறு, இப்போதே தீர்மானியுங்கள்.

அமெரிக்காவில் பாடங்களும் உண்டு, பெரும்பாலும் ஐந்து வருடம் பிடிக்கும்; உதவித்தொகையோடு வரும் இடத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பல துறைகளுக்குக் கடைசி நாள் டிசம்பர் தொடக்கம். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். நம் பேராசிரியர்கள் நவம்பரில் தேர்வுத்தாள் திருத்தத்தில் மூழ்கியிருப்பார்கள், செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு பல இடங்களில் கட்டாயமில்லை, ஒவ்வொரு துறையிலும் சரிபாருங்கள்.