காங்கேயம் பக்கம் மானாவாரி நிலத்துல அரசு குடுக்கற மரக்கன்னு: தேக்கு வெக்கலாமுங்களா?

வெள்ளகோவில் விவசாயி:
மூணு ஏக்கர் மானாவாரி, செம்மண். ரெண்டடிக்குக் கீழ ஓடக்கல். அதுல ஒரு ஏக்கர் கொறங்காடு (மாடு மேயற புல்லுக் காடு). போர்ல தண்ணி கொஞ்சம்தான். பசுமைப் போர்வைத் திட்டத்துல தேக்குக் கன்னு வாங்கி நடலாம்னு இருக்கேன். எப்படிப் பதியறது, எத்தனை தருவாங்க? பொண்ணு அரசுப் பள்ளியில பிளஸ் டூ. வனவியல் படிக்க ஆசைப்படுது, அதையும் சொல்லுங்க.

வரப்போரம்:
உழவன் செயலியில பதியுங்க, இல்லீன்னா வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கே போயிருங்க. சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல் எடுத்துக்குங்க. திட்டம் 2021-22ல தொடங்கினது. கன்னு இலவசம்: வரப்போரம் நட்டா ஏக்கருக்கு 50, வயல் முழுக்க நட்டா 160. இந்த 160ங்கறது 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளிக் கணக்கு. ரெண்டாம் வருசத்துல இருந்து மூணு வருசத்துக்கு, உசுரோட நிக்கற கன்னுக்கு மட்டும் தலா 7 ரூபா ஊக்கத்தொகை. செத்ததுக்குக் கிடையாது. நெறையப் பேரு ஆடியில கன்னை வாங்கி அப்பவே நட்டுடறாங்க. நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அந்த மாசத்துல வேரு புடிக்க விடாது. இப்பவே பதிஞ்சு, ஒன்றரையடிக் குழியை முன்னாடியே எடுத்து ஆறப்போட்டு, ஐப்பசி மழைக்கு நடுங்க.

மரக்கணக்கு:
தேக்கு வேண்டாமுங்க. ஆணிவேரு ஓடக்கல்லுல முட்டினா மரம் பருக்காது, நடுத்தண்டு நேராவும் வராது. மலைவேம்புக்கும் உங்க தண்ணி பத்தாது. ரெண்டு ஏக்கருக்கு வேம்பு, புங்கனோட சந்தனம் கலந்து கேளுங்க. சந்தனம் பக்கத்துச் செடி வேருல இருந்து சத்தை உறிஞ்சற ஜாதி; தனியா வெச்சா வெளிறி நின்னுரும். நடறப்பவே ஓரடி தள்ளித் துவரை போடுங்க. அது ஓயறதுக்குள்ள புங்கன் துணைக்கு வந்துரும். குழியில தண்ணி தேங்கினா வேரழுகிச் செத்துரும். பட்டா நிலத்துல சந்தனம் வளர்க்கத் தடையில்லை, ஆனா வெட்ட வனத்துறை அனுமதி வேணும். அதனால மரத்தை இப்பவே வி.ஏ.ஓ.கிட்டச் சொல்லி அடங்கல்ல (கிராம சாகுபடிப் பதிவேட்டுல) ஏத்திருங்க.

கொறங்காட்டைத் தயவுசெஞ்சு உழுதுராதீங்க. கொழுக்கட்டைப் புல்லு, வெள்வேல், கிளுவை வேலி மூணும் சேர்ந்ததுதான் அந்தக் காடு. 160 கன்னை அதுக்குள்ள திணிச்சா நெழல் விழுந்து புல்லு போயிரும், மாட்டுக்கு மேய்ச்சல் இருக்காது. அங்க வேலியோரம் மட்டும் நடுங்க.

மேட்டுப்பாளையத்தான்:
படிப்பைப் பத்தி: மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில பி.எஸ்சி. வனவியல், 4 வருசம். வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாச் சேரணும். ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளின்னா 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுல விண்ணப்பிக்கட்டும். தலைமை ஆசிரியர்கிட்டப் படிப்புச் சான்று இப்பவே வாங்கி வெச்சுக்குங்க. படிச்சா டி.என்.பி.எஸ்.சி. வனத் தொழில் பழகுநர் தேர்வு, யு.பி.எஸ்.சி. வனப்பணித் தேர்வு ரெண்டும் எழுதலாம்.