தென்னாப்பிரிக்கா கோசா கிராமத்தில் வாட்டில் வெட்டும் தன்னார்வ வேலை: போகலாமா?

கம்பம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். தாவரவியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு கம்பத்தில் சும்மாதான் இருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ஈஸ்டர்ன் கேப் மாகாணம், காஃபி பே பக்கம் கோசா இன மக்களின் ஒரு கிராமத்தில் நாலு வாரத் தன்னார்வ வேலைக்கு ஒரு ஏஜென்சி ஆள் எடுக்கிறது. வாட்டில் என்கிற அந்நிய மரத்தை வெட்டுவது, ஊற்றைச் சுற்றி மாடு இறங்காமல் வேலி போடுவது, நாற்றங்கால், இதெல்லாம்தான் வேலை. தங்கவும் சாப்பிடவும் வாரக் கணக்கில் நாமே பணம் கட்ட வேண்டும், டிக்கெட் தனி. அம்மாவுக்குச் சொந்த ஊர் மூணாறு பக்கம் வட்டவடை, அதனால் வாட்டிலும் கிராண்டிஸும் (யூகலிப்டஸ் வகை) எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், அங்கே எப்படி ஒழிக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. வீட்டில் "காசு கொடுத்து ஏன்டா கடல் தாண்டி விறகு வெட்டப் போற" என்கிறார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

செங்கோட்டை_டீச்சர்:
தம்பி, நானும் என் வீட்டுக்காரரும் அதே மாகாணத்தில் ம்தாதா என்கிற ஊரில் பள்ளிக்கூட வேலையில் இருந்தோம் (அந்தப் பக்கம் மலையாளி வாத்தியார்கள் நிறைய, நாங்களும் அந்தக் கூட்டத்தோடு போனவர்கள்தான்). காஃபி பே அங்கிருந்து கடற்கரைப் பக்கம். ஊர் அழகு, அதில் சந்தேகமே வேண்டாம், புல் மேடுகளில் வட்ட வட்டமாக வீடுகள், பக்கத்திலேயே மாட்டுப்பட்டி.

ஆனால் ஒன்று, அங்கே வாட்டில் வெறும் களை இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம், ஓடைக்கரையில் அடைத்து நின்று தண்ணீரை உறிஞ்சுகிறது, கீழே புல்லே வராது, எல்லாம் உண்மைதான். ஆனால் அதே மரத்தைத்தான் பெண்கள் தலைச்சுமையாக விறகுக்குக் கொண்டுபோகிறார்கள், பட்டிக்கு வேலி அதில்தான், கூரைக்குக் கழியும் அதில்தான். எந்தத் தோப்பை வெட்டலாம், எதை விட வேண்டும் என்பதை ஊர்த்தலைவரும் பெண்களும் சேர்ந்து முடிவு செய்தார்களா என்று ஏஜென்சியிடம் முதலில் கேளுங்கள்.

அடுத்தது கூலி. 1995-இல் காதர் அஸ்மால் தண்ணீர்த் துறை அமைச்சராக இருந்தபோது 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அந்நிய மரங்களை அகற்றுவது, நம்ம நூறு நாள் வேலை சட்டம் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால். வேலையில்லாமல் இளவட்டங்கள் உட்கார்ந்திருக்கும் ஊரில் அதே வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் யாருக்கு நஷ்டம்? நீங்கள் கட்டும் பணத்தில் எவ்வளவு உள்ளூர்க் கூலியாகப் போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடலாம்.

வட்டவடை_விவசாயி:
டீச்சர் சொன்னது சரி. நான் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாலு வாரத்தில் வெட்டலாம், ஒழிக்க முடியாது தம்பி. விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். தீ வைத்தால் இன்னும் கூத்து, சூடு பட்டு மொத்தமாக முளைக்கும். அதனால் வெட்டின வருஷத்தைவிட அடுத்தடுத்த மழைக்காலங்களில் யார் வந்து கன்றைப் பிடுங்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வந்துவிடும், முழங்கால் உயரம் தாண்டினால் கையில் அடங்காது.

இங்கே வட்டவடையில் பழத்தோட்டம் என்கிற இடத்துப் பக்கம் வனத்துறை வாட்டிலை எடுத்துவிட்டுப் புல் நடுகிறது, ஊர்ப் பெண்கள்தான் நாற்றுப் போடுகிறார்கள். அம்மா ஊருக்கு வந்து ஒரு மழைக்காலம் அவர்களோடு குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் ஆப்பிரிக்கா போங்கள். பூண்டுக்கு விலை வந்தால் காப்பி நான் வாங்கித் தருகிறேன்.

ஆம்பூர்_தோல்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் தொழிலில் தோல் பதனிட அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, அப்புறம் வாட்டில் எக்ஸ்ட்ராக்ட் (வாட்டில் பட்டையிலிருந்து எடுப்பது), மூட்டை மூட்டையாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்தே வரும். ஆனால் அது பெரும்பாலும் குவாசுலு நடால் பக்கத் தோட்ட மரம். கிராமத்து ஓடைக்கரையில் தானாக முளைத்ததைப் பட்டை உரித்து அந்த ஜனங்கள் விற்றுப் பிழைக்கலாம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னால் நம்பாதீர்கள்.

கம்பம்_பையன்:
டீச்சர், அண்ணே, நன்றி. ஏஜென்சிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். டீச்சர், வெட்டின அடிக்கட்டைக்கு மருந்து அடிப்பார்களா? அப்புறம் எந்த மாதம் போகலாம், சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

செங்கோட்டை_டீச்சர்:
அடிப்பார்கள். தரையை ஒட்டி வெட்டி, வெட்டு காயும் முன்பே களைக்கொல்லி பூச வேண்டும். அதில் நீலச் சாயம் கலந்திருக்கும், எந்தக் கட்டை விட்டுப்போயிற்று என்று தூரத்திலிருந்தே தெரியும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துபோனபோது சரிவு முழுக்க நீலப் பொட்டு வைத்தது போல் இருந்தது, ஒரு பாட்டி அதற்கு நடுவில் காய்ந்த கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓடைக்குப் பக்கத்தில் என்ன மருந்து பயன்படுத்துகிறார்கள், கையுறை தருவார்களா என்றும் கேளுங்கள்.

ஜூன், ஜூலையிலும் வருஷக் கடைசியிலும் பையன்களுக்குச் சுன்னத்துச் சடங்கு நடக்கும், ஊருக்கு வெளியே புதரில் குடிசை போட்டு இருப்பார்கள், உடம்பில் வெள்ளைக் களிமண் பூசியிருக்கும். அந்தப் பக்கம் வெளியாள் போகவே கூடாது, போட்டோவும் கூடாது. மரம் வெட்டுகிற இடமும் புதர்தானே, உள்ளூர் ஆள் இல்லாமல் இறங்காதீர்கள்.

சாப்பாடு கவலையில்லை. உடைத்த மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த உம்ங்குஷோ, மாவுக் களியோடு புளித்த பால், காட்டுக் கீரை. விருந்தென்றால் ஆடு மாடுதான், பணிவாக மறுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அந்த மாகாணத்தில் மலேரியா கிடையாது. ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி வழி டிக்கெட் மலிவு என்று எடுத்து அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். விசாவும் சுற்றுலா என்று போடாமல் தன்னார்வ வேலை என்றே சொல்லி விண்ணப்பியுங்கள், அழைப்புக் கடிதம் ஏஜென்சி தர வேண்டும்.